வி.ஆர்.-இல் (மெய்நிகர் உலகில்) காலால் நடக்க சறுக்குத் தாம்பாளம்: மேடை, வளையம், கணுக்கால் சென்சார்

ஒத்தக்கடை:

கல்லூரிக் கண்காட்சிக்காகத் திருமலை நாயக்கர் மகாலின் முற்றத்தை யூனிட்டியில் (முப்பரிமாண விளையாட்டு மென்பொருள்) கட்டி முடித்தாயிற்று. கண்ணில் மாட்டும் ஹெட்செட் குவெஸ்ட் 3. ஜாய்ஸ்டிக்கைத் தள்ளி நகரும்போது பலருக்குத் தலை சுற்றுகிறது. தூண்களுக்கு நடுவே எவ்வளவு தூரம் வந்தோம் என்பதும் உடம்புக்கு உறைப்பதில்லை. காலாலேயே நடக்கவைக்க வேண்டும். கிடைத்திருக்கும் அறை 15க்கு 20 அடி. டைல்ஸ் தரை, துளை போட அனுமதி இல்லை.

விர்ச்சுவிக்ஸ் ஆம்னி 2013-இல் கிக்ஸ்டார்ட்டரில் வந்தபோது காட்டிய அமைப்பு (குழிந்த வழுக்குத் தட்டு, இடுப்பைச் சுற்றி வளையம், தனிக் காலணி) நமக்குக் கட்டக்கூடியதாகத் தெரிகிறது. கேள்விகள்:

தட்டு குழிவாக இருக்க வேண்டுமா, சமதளம் போதுமா? குழிவென்றால் எத்தனை டிகிரி, மேலே என்ன பொருள்? வளையம் இல்லாமல் சமாளிக்க முடியுமா? நடையைக் கண்டுபிடிக்க எந்த சென்சார், எங்கே கட்டுவது? 100 கிலோ ஆள் வரை தாங்க வேண்டும்.

நரிமேடு:

பலகையை அறுப்பதற்கு முன் சென்சாரை முடித்துவிடுங்கள். வழுக்கு குறைந்தால் துடைத்துச் சரிசெய்யலாம். ஆள் நின்ற பிறகும் காட்சி நகர்ந்துகொண்டிருந்தால் எந்தத் தட்டும் காப்பாற்றாது. சென்சாரை வெறும் தரையில் நின்ற இடத்தில் கால் தூக்கி வைத்தே சோதித்துக்கொள்ளலாம், அதற்குத் தாம்பாளம் வேண்டாம்.

பொருள்கள்: இரண்டு இ.எஸ்.பி.32 போர்டு (வைஃபை உள்ள சிறு கணினிப் பலகை), இரண்டு ஜைரோ சென்சார் (சுழலும் வேகத்தை அளப்பது), 500 மில்லி ஆம்பியர்-மணி லித்தியம் பாலிமர் பேட்டரி இரண்டு, டிபி4056 சார்ஜிங் போர்டு இரண்டு. அந்த டிபி4056-ஐ வாங்கியபடியே மாட்டாதீர்கள். அதில் 1.2 கிலோ ஓம் மின்தடை இருக்கும், 1 ஆம்பியரில் சார்ஜ் ஏற்றும். 500-க்கு அது இரட்டிப்பு வேகம், பேட்டரி உப்பிவிடும். அதைக் கழற்றி 5 கிலோ ஓம் வைத்தால் 250 மில்லி ஆம்பியருக்கு இறங்கும்.

ஜைரோவுக்கு எம்.பி.யு.6050 போதும். கால் ஆடும் வேகம் மட்டும்தான் நமக்குத் தேவை, திசையை அதனிடம் கேட்கப் போவதில்லை. அளவு வரம்பை 1000 டிகிரி/விநாடியில் வையுங்கள். 250-இல் விட்டால் வேகமாக நடப்பவரின் உச்சம் வெட்டுப்படும். சூடு ஏற ஏற அதன் பூஜ்யப் புள்ளி நகரும், மதுரை வெயிலில் கேட்கவே வேண்டாம். போர்டை 5 நிமிடம் ஓடவிட்டு, அசையாமல் வைத்து 3 விநாடிச் சராசரியைக் கழித்துக்கொள்ளுங்கள்.

கட்டும் இடம் பாதம் அல்ல, கணுக்காலுக்கு நான்கு விரல் மேலே, வெளிப்பக்கம். பாதத்தில் கட்டினால் தட்டின் சரிவும் ஊன்றும் அதிர்ச்சியும் கலந்து வரும். பட்டை 5 செ.மீ. அகல எலாஸ்டிக், வெல்க்ரோ. தொளதொளவென்று இருந்தால் சென்சார் தனியாகக் குலுங்கி, இல்லாத அடியை எல்லாம் எண்ணும். விநாடிக்கு 100 முறை அளந்து, அதிர்வை மழுக்கும் பட்டர்வொர்த் இரண்டாம்படி வடிகட்டியில் 10 ஹெர்ட்ஸ் வையுங்கள். தாமதம் சுமார் 22 மில்லி விநாடி. 6 ஹெர்ட்ஸ் வைத்தால் கோடு அழகாக இருக்கும், ஆனால் தாமதம் 37-க்குப் போகும். அழகு வேண்டாம்.

கணக்கு இப்படி. கால் முன்னோக்கி வீசும் வேகம் 60 டிகிரி/விநாடியைத் தாண்டினால் ஓர் அடி தொடங்கியது என்று பொருள். அடி முடியும்வரை காத்திருக்காமல் அந்தக் கணமே 0.6 மீ./விநாடியில் நகர்த்தத் தொடங்குங்கள். இடதுகால் தொடக்கத்திலிருந்து வலதுகால் தொடக்கம்வரை ஆன நேரம் தெரிந்ததும், அடி நீளத்தை அந்த நேரத்தால் வகுத்தால் வேகம். அடி நீளத்துக்கு ஆள் உயரத்தின் 0.41 மடங்கு நல்ல தொடக்கம்: 165 செ.மீ. ஆளுக்கு 68 செ.மீ., விநாடிக்கு 1.8 அடி எடுத்து வைத்தால் 1.2 மீ./விநாடி. தட்டில் கால் சறுக்குவது 40 செ.மீ.தான் இருக்கும். அதை அப்படியே தூரமாக எடுத்தால் நாயக்கர் முற்றத்தைக் கடக்க அரை நாள் ஆகும்.

நிறுத்துவதுதான் பாடு. புது அடி வரவில்லையே என்று காத்திருந்து நிறுத்தினால் அரை விநாடி தாமதமாகி, ஆள் தூணுக்குள் புகுந்து நிற்பார். சறுக்குத் தட்டில் ஒரு வசதி உண்டு: நடக்கும்வரை ஒரு கால் முன்னே வீசும், மற்றது பின்னே சறுக்கும், இரண்டுமே ஆடிக்கொண்டிருக்கும். இரண்டு கணுக்காலும் 150 மில்லி விநாடிக்கு 15 டிகிரி/விநாடிக்குக் கீழே இருந்தால் ஆள் நின்றுவிட்டார். உடனே வேகத்தை 200 மில்லி விநாடியில் பூஜ்யத்துக்கு இறக்குங்கள். வெறும் தரையில் சோதிக்கும்போது இந்த விதி சில சமயம் நடுவே தடுக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

தலை ஆட்டத்தைக் கேமராவில் செயற்கையாகச் சேர்க்காதீர்கள். தலை நிஜமாகவே ஆடுகிறது.

தட்டே இல்லாமல், நேராக நடப்பதாக நினைக்கவைத்து வட்டத்தில் சுற்றவிடும் உத்தியும் உண்டு. 2010-இல் ஷ்டைனிக்கெ ஆய்வுக் குழு அளந்தபடி, ஆளுக்குத் தெரியாமல் வளைக்க ஆரம் 22 மீட்டராவது வேண்டும். 44 மீட்டர் அகலக் கூடம்! கல்யாண மண்டபமே பத்தாது, உங்கள் அறையில் பேச்சுக்கே இடமில்லை.

கப்பலூர்ப் பட்டறை:

தட்டு பத்தி நான் சொல்றேன். சமதளத்துல வழுக்கு மட்டும் இருந்தா, முன்னாடி வச்ச கால் தானா நடுவுக்கு வராது, ஆள்தான் வலிச்சு இழுக்கணும். பத்து நிமிசத்துல தொடை பிடிச்சுக்கிடும். சரிவு இருந்தா எடையே காலை இறக்கிவிட்டுரும். கணக்கு சின்னது: சரிவோட டேஞ்சன்ட், உராய்வு எண்ணைவிடக் கொஞ்சம் கூட இருக்கணும். 10 டிகிரிக்கு டேஞ்சன்ட் 0.176. அப்ப உராய்வு 0.12-லேருந்து 0.16-க்குள்ள இருந்தா நடை நல்லா வரும். அதுக்கும் கீழ போச்சுன்னா நிக்கவே முடியாது, காலு ரெண்டும் நடுவுல வந்து ஒட்டிக்கும். 15 டிகிரி வச்சா கெண்டைக்கால் வலி.

உருண்டைக் குழிவு பைபர்ல அச்சு எடுக்கணும், செலவு. எட்டு இதழ் வச்ச தாம்பாளம் போதும். நடுவுல 40 செ.மீ. அகலத்துக்கு எண்கோணத் தட்டை, ஆளு நிக்கிற இடம். சுத்தி எட்டு இதழ். மொத்தம் பக்கத்துக்குப் பக்கம் 130 செ.மீ. ஒவ்வொரு இதழும் உள்பக்கம் 16.6, வெளிப்பக்கம் 53.8, சரிவு நீளம் 45.7 செ.மீ. 12 மி.மீ. பிளைவுட்ல ரெண்டு வரிசையா, வரிசைக்கு நாலு, தலைகீழா மாத்தி மாத்தி அடுக்கினா எட்டுக்கு நாலு ஷீட் ஒண்ணுலயே எட்டும் வந்து, நடுத் தட்டைக்கும் இடம் மிஞ்சும். இதழும் இதழும் சேர்ற ஓரத்தை இழைப்புளியில 3.8 டிகிரி சாய்ச்சு எடுங்க, நடுத் தட்டை சேர்ற ஓரத்தை 5 டிகிரி.

அடியில விலாப் பலகை குடுக்கும்போதுதான் எல்லாரும் தப்பு பண்றாங்க. இதழோட நடுவுல வர்ற விலா 45 செ.மீ. ஓட்டத்துக்கு 7.9 செ.மீ. ஏறும், அது 10 டிகிரி. மூலையில, அதாவது ரெண்டு இதழ் சேர்ற கோட்டுக்கு அடியில வர்ற விலாவுக்கு ஏற்றம் அதே 7.9, ஆனா ஓட்டம் 48.7. கோணம் 9.2 டிகிரிதான். பதினாறு விலாவையும் 10 டிகிரியில அறுத்துட்டீங்கன்னா மூலை ஆறு மி.மீ.க்கு மேல தூக்கிக்கிட்டு நிக்கும், எந்த ஆணியும் அதை அமுக்காது. விலாவுக்கு ஊடால தென்னைநாரோ பழைய ரப்பர் மெத்தையோ திணிச்சுருங்க, இல்லன்னா அடிக்கு அடி தவில் சத்தம்.

மேல 5 மி.மீ. எச்.டி.பி.இ. (கெட்டிப் பாலித்தீன் பிளாஸ்டிக்) ஷீட். வழவழப்பான பக்கம் மேல வரணும், சில ஷீட்டுல ஒரு பக்கம் சொரசொரப்பா இருக்கும். ஃபெவிகால், அரால்டைட் எதுவும் அதுல ஒட்டாது, முயற்சி பண்ணிக் காசைக் கரைக்க வேணாம். வெளி ஓரத்துல மட்டும், கால் எட்டாத 3 செ.மீ.க்குள்ள, திருகாணி போடுங்க. ஆணி 5 மி.மீ.ன்னா துளையை 8 மி.மீ. நீட்டுத் துளையா விடுங்க. இந்த பிளாஸ்டிக் சூட்டுக்கு நல்லா நீளும். அரை மீட்டர் துண்டு 20 டிகிரி ஏறினா ஒண்ணரை மி.மீ. வரும். ஏசி போட்ட அறையில காலையில இறுக்கமாப் பொருத்திட்டு, ஏசியை அணைச்சா மத்தியானம் நடுவுல குமிழ் எந்திரிக்கும். இதழ்களுக்கு ஊடால 2 மி.மீ. இடைவெளி, ஓரத்துல 1 மி.மீ. மழுக்கல். ஜிக்சா வேகத்தைக் குறைச்சு அறுங்க, வேகமா ஓட்டினா உருகி ரம்பத்துக்குப் பின்னாடியே ஒட்டிக்கும்.

காலணி: எச்.டி.பி.இ. மேல எச்.டி.பி.இ. வேணாம், ஒண்ணையொண்ணு சுரண்டும். 3 மி.மீ. டெஃப்லான் ஷீட்டைக் கேன்வாஸ் ஷூவோட அடிக்கு வெட்டி, செருப்புத் தைக்கிறவர்கிட்டக் குடுத்து ஓரத்துல பள்ளம் எடுத்துத் தைக்கச் சொல்லுங்க. நூல் பள்ளத்துக்குள்ள கிடக்கணும், மேல தெரிஞ்சா ரெண்டு நாள்ல அறுந்துரும். பிடிமானத்துக்குன்னு குதிகால்ல ரப்பர் ஒட்டிராதீங்க. நடையில மொதல்ல ஊன்றது குதிகால்தான். அங்க பிடிச்சா ஆளு முன்னாடி விழுவாரு.

ஆணி அடிக்கிறதுக்கு முன்னாடி உராய்வை அளந்துக்கிடுங்க. 1 மீட்டர் பலகையில ஷீட்டை வச்சு, ஷூவுக்குள்ள 5 கிலோ படிக்கல்லைப் போட்டு, ஒரு முனையை மெல்லத் தூக்குங்க. ஷூ நழுவ ஆரம்பிக்கிறப்ப முனை தரையிலிருந்து 14, 15 செ.மீ. உயரத்துல இருந்தா உராய்வு 0.15-க்கு ஒட்டி வருதுன்னு அர்த்தம். கேரம் போர்டு பவுடரைத் தூவினா நல்லாத்தான் வழுக்கும், ஆனா ஷூவோட அறை முழுக்கப் பரவி டைல்ஸ்ல யாராவது வழுக்கி விழுவாங்க. வேணாம்.

தெப்பக்குளம்:

வளையம் இல்லாமல் கூடாது. 10 டிகிரிச் சரிவும் 0.15 உராய்வும் சேர்ந்த இடத்தில், கண் மூடிய ஆளை (ஹெட்செட் போட்டவர் கண் மூடியவர்தான்) பிடிப்பில்லாமல் நிறுத்துவது கை கால் முறிக்கும் வேலை. இன்னொன்று: நடக்கும்போது முன்னோக்கித் தள்ளும் விசைக்கு எதிர்விசை வேண்டும். தட்டு வழுக்குவதால் அதை இடுப்புதான் வாங்கிக்கொள்ள முடியும்.

நரிமேடு திசையைச் சொல்லாமல் விட்டுவிட்டார். ஹெட்செட் பார்க்கும் திசையில் நகர்த்தினால், நடந்துகொண்டே பக்கத்துத் தூணை நிமிர்ந்து பார்க்கிறவர் தூண் பக்கமே திரும்பிப் போவார். இடுப்பின் திசை வேண்டும். இடுப்பில் ஜைரோ கட்டினால் சில நிமிடத்தில் திசை நகர்ந்துவிடும். காந்த சென்சாரை நம்ப முடியாது, சுற்றிலும் இரும்பு பைப், கான்கிரீட்டுக்குள் கம்பி. ஆகவே வளையத்தையே சுழலவிட்டு, அதன் கோணத்தை அளந்துவிடுங்கள்.

வளையம் 1 இன்ச் உருண்டை பைப், வெளிவிட்டம் 70 செ.மீ. மாடிப்படி எஸ்.எஸ். கைப்பிடி செய்யும் பட்டறைகளில் பைப் வளைக்கும் ரோலர் இருக்கும். வட்டம் 3 மி.மீ.க்கு மேல் கோணினால் சுற்றும்போது ஒரு இடத்தில் மட்டும் இறுகும், வாங்கும் முன் தரையில் வட்டம் வரைந்து வைத்துப் பாருங்கள். அதை ஏந்த ஸ்லைடிங் கேட்டுக்கு விற்கும் பள்ளச் சக்கரம் எட்டு: கீழே நான்கு, மேலே நான்கு. மேல் நான்கை ஸ்பிரிங் போட்டு அழுத்துங்கள், வளையக் கோணலை அது விழுங்கிக்கொள்ளும். சக்கரங்கள் ஒரு சதுரச் சட்டத்தில், சட்டம் நான்கு தூண்களில் ஏறி இறங்கும். தரைவரை இறக்கி ஆளை உள்ளே நிற்கவைத்து, இடுப்புக்குத் தூக்கி, 85-லிருந்து 105 செ.மீ.வரை 5 செ.மீ.க்கு ஒரு துளையில் 12 மி.மீ. பின் போடுங்கள். வளையத்தில் கதவு வைக்க ஆசைப்படாதீர்கள், சக்கரம் கீலில் தட்டும்.

ஆளுக்குக் கால் கண்ணி வைத்த பாதுகாப்பு ஹார்னஸ், உயரத்தில் வேலை செய்பவர்கள் போடுவது. வளையத்தோடு நான்கு பக்கமும் கட்டும் நாடாவில் 5 செ.மீ. தளர்வு போதும். அதிகம் விட்டால் இடுப்பு திரும்பிய பிறகே வளையம் திரும்பும்.

கவிழுமா என்பதற்கு: வளையத்தில் 50 கிலோ அளவு பக்கவாட்டுத் தள்ளல், உயரம் 95 செ.மீ. என்றால் 4,750 கிலோ-செ.மீ. அடிச்சட்டம் 140 செ.மீ. சதுரம், ஆளும் அமைப்பும் சேர்ந்து 160 கிலோ என்றால் எதிர்க்கும் பக்கம் 160 × 70 = 11,200. இரண்டு மடங்குக்கு மேல், தரையில் துளை தேவையில்லை. சட்டத்துக்கு 1½ இன்ச் சதுர பைப், 2 மி.மீ. தடிமன், கால்களுக்கு ரப்பர் பாதம்.

கோணத்துக்கு 600 பல்ஸ் ரோட்டரி என்கோடர் (அச்சு ஒரு சுற்று சுற்றினால் 600 துடிப்பு தரும் கருவி). அதன் அச்சில் 32 மி.மீ. ரப்பர் சக்கரம் மாட்டி வளையத்தின் மேல் அழுத்துங்கள். வளையச் சுற்று 220 செ.மீ., சக்கரச் சுற்று 10 செ.மீ., ஆக ஒரு திரும்பலுக்கு 22 சுற்று. ஒரு துடிப்பை நான்காக எண்ணும் நான்மடங்கு எண்ணிக்கையில் 52,800 எண், தேவைக்கு மிஞ்சியது. ரப்பர் சறுக்கும், பிழை சேரும். வளையத்தில் ஒரு காந்தமும் சட்டத்தில் ஒரு ஹால் சென்சாரும் (காந்தம் அருகே வந்தால் உணர்வது) வைத்து, காந்தம் கடக்கும் ஒவ்வொரு முறையும் எண்ணிக்கையைத் திருத்திக்கொள்ளுங்கள். வலப்பக்கம் வரும்போதும் இடப்பக்கம் வரும்போதும் ஹால் சென்சார் வேறு வேறு இடத்தில் தட்டும், அதனால் ஒரு திசையில் கடக்கும்போது மட்டும் திருத்துங்கள்.

இணைப்புக்குக் கல்லூரி வைஃபையை நம்பாதீர்கள். பல இடங்களில் ஒரு கருவி இன்னொரு கருவியோடு பேசத் தடை இருக்கும். போர்டு அனுப்பும் தரவு (யு.டி.பி. பொட்டலம்) கிளம்பும், ஹெட்செட்டுக்கு வராது, காரணமும் தெரியாது. இணையம் இல்லாத தனி ரவுட்டர் ஒன்று வையுங்கள். இ.எஸ்.பி.32 2.4 கிகாஹெர்ட்ஸில், ஹெட்செட் 5-இல். போர்டில் வைஃபை ஸ்லீப்பை அணைத்துவிடுங்கள்.

ஒத்தக்கடை:

மூவருக்கும் நன்றி. பலகைச் சோதனையில் ஷூ 23 செ.மீ.யில்தான் நழுவுகிறது. ஷீட் புதிது, டெஃப்லான் தைத்த ஷூ. இன்னொன்று, பார்க்க வருகிறவர்களில் சேலை கட்டியவர்கள் அதிகம். கால் கண்ணி போட முடியாது. வெறும் தரைச் சோதனையிலேயே அவர்கள் அடியை சென்சார் பாதிதான் எண்ணுகிறது.

கப்பலூர்ப் பட்டறை:

23-ன்னா 0.24 வருது தம்பி, ரொம்பக் கூட. ஷீட்டுல பாதுகாப்பு பாலித்தீன் தாளை உரிச்சீங்களா? உரிச்சாலும் பசை தங்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ல துடைச்சுப் பாருங்க. அப்படியும் குறையலன்னா ஷூவைக் கவுத்துப் பாருங்க, தைச்சவரு ஓரத்துல பிசிறை விட்டிருப்பாரு, இல்ல நூல் மேல நிக்கும். 400 நம்பர் உப்புத்தாள்ல ஓரத்தை மழுக்குங்க. சிலிக்கான் ஸ்பிரேயைக் கடைசியா வச்சுக்கங்க, துணியில தொட்டு ஷூவுக்கு மட்டும். ஷீட்டுல அடிச்சா தூசி ஒட்டி ஒரு வாரத்துல அதுவே உப்புத்தாளாயிரும். அந்த ஷூவோட வெளியில நடக்க விடாதீங்க. மணல் ஒண்ணு ஒட்டினாலும் ஷீட்டைக் கீறிரும்.

நரிமேடு:

சேலைக்கு: வீச்சு சின்னது, அதனால் 60 டிகிரி/விநாடி வரம்பு அவர்களுக்குப் பெரிது. நிலையான எண்ணுக்குப் பதிலாக, கடைசி ஆறு அடிகளின் உச்சச் சராசரியில் 35 விழுக்காட்டை வரம்பாக வையுங்கள், ஆனால் 25-க்குக் கீழே போகவிடாதீர்கள், போனால் எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றுவதையே அடி என்று எண்ணும். ஆறு அடி சேரும்வரை முதலில் 30-இல் தொடங்கட்டும். கொசுவம் சென்சாரில் உரசினாலும் பொய் அடி வரும். பட்டையைத் துணிக்கு உள்ளே கட்டச் சொல்லுங்கள்.

தெப்பக்குளம்:

கால் கண்ணி இல்லாமல் தாம்பாளத்தில் சறுக்கவிட வேண்டாம். இடுப்பு பெல்ட் மட்டும் இருந்தால் விழும்போது அது மேலே ஏறி விலாவில் மாட்டும். அவர்களுக்கு எட்டு இதழ் வழுக்குத் தட்டின் மேல் நடுவில் 60 செ.மீ. சதுர ரப்பர் பாயை விரித்து, சறுக்குக் காலணி இல்லாமல், வளையத்தைக் கையால் பிடித்தபடி நின்ற இடத்தில் கால் மாற்றி வைக்கச் சொல்லுங்கள். இதழின் சரிவில் ஊன்றாமல் இருக்க, பாய்க்கு அடியில் 40 செ.மீ.க்கு வெளியே வரும் விளிம்புக்கு ஆப்பு மாதிரி ரப்பர் துண்டு வேண்டும். திசை வளையத்திலிருந்தே வரும், ஆனால் கையால் பிடிப்பதால் வளையம் இடுப்போடு சேர்ந்து திரும்பாது. பெல்ட்டிலிருந்து வளையத்துக்கு ஒரே ஒரு நாடாவாவது முதுகுப் பக்கம் மாட்டிவிடுங்கள். மென்பொருளில் இந்த முறைக்குத் தனிப் பொத்தான் வையுங்கள். நின்ற இடத்து நடையில் இரண்டு காலும் ஒரு கணம் அசையாமல் இருக்கும், அங்கே நரிமேடு சொன்ன 150 மில்லி விநாடி விதியை 350 ஆக்க வேண்டும்.